தேறாத மணி

அந்த நிலையத்தில் முடிவுரையை முதலில் எழுதிவிடுவார்கள்.

சோதித்துச் சான்று தரச் சொல்லி ஒரு கருவி வந்து இறங்கிய அன்றே, அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, அது நல்ல கருவி என்பதற்கான முடிவுரை தட்டச்சாகி, கையெழுத்தாகி, கோப்பின் கடைசிப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். முன்னால் இருக்கிற பக்கங்களை அதற்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டு வருவதுதான் மற்றவர்களின் வேலை. அங்கே எல்லாருக்கும் இளையவளான சின்னவள் வேலையில் சேர்ந்த அன்று இதைக் கேட்டதும் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மின்னணுப் பொறியியல் படித்த காலத்தில், செய்து பார், அளந்து பார், பிறகு முடிவை எழுது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அது காலேஜ்ல," என்றார் முடிவுரை சார். "அங்க நேரம் கொட்டிக் கெடக்கும். இங்க முடிவு தாமதமானா எல்லாமே தாமதமாகும். அதனால அதை மொதல்ல முடிச்சிடறோம்."

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் நிலையத்தில் யாரையும் அப்படி அழைப்பதில்லை. புதிதாக வருகிறவர் முன்னுரைப் பொறியாளர். 'மின்னணுவியல் இன்று மனித வாழ்வில் இன்றியமையாத இடத்தை வகிக்கிறது' என்று தொடங்கும் பக்கத்தை எழுதுவது அவர் பொறுப்பு. அதில் கை தேர்ந்தால் செய்முறைப் பொறியாளர். அதற்கு மேல் அட்டவணைப் பொறியாளர். தலை நரைத்து, கண்ணாடி தடித்து, கருவி ஒன்றைக் கையால் தொட்டு வெகுகாலம் ஆன பிறகு முடிவுரைப் பொறியாளர். அடிக்கடி கருவியைத் தொடுகிறவருக்குப் பாரபட்சம் வந்துவிடும் என்பது அங்கே இருந்த கருத்து.

சின்னவளுக்கு முதல் நாளே சந்தேகம் தட்டிவிட்டது. ஆய்வகத்தைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். ஈயம் உருகிய வாசனை இல்லை. மேஜையில் சூட்டுக்கோல் பட்ட கறை ஒன்றுகூட இல்லை. அளவுமானிகள் வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையோடு, கண்ணாடி அலமாரிக்குள், புதுப்பெண்களைப் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தன. அலமாரிச் சாவி முடிவுரை சாரிடம் இருந்தது. ஆனால் முடிவுரை சாருக்கு அது எந்த அலமாரியின் சாவி என்று தெரியவில்லை.

நிலையத்துக்கும் அவள் மேல் சந்தேகம் வந்தது. சாயங்காலம் வாசலில் காவலாளி அவள் பையை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தார். அங்கே எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். உள்ளே மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் ஒன்று தட்டுப்பட்டது.

"ரிப்போர்ட் எழுதற எடத்துல இது எதுக்கும்மா?" என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்படியாக அவள் முன்னுரையானாள். அவள் வேலை இன்னும் உறுதியாகவில்லை. முதல் அறிக்கை தேறினால்தான் உறுதியாகும். அந்த முதல் அறிக்கைக்கு வந்து சேர்ந்த கருவி, நோயாளிகளுக்கான அழைப்பு மணி.

பட்டன் ஒன்று, மணிப்பெட்டி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது. பட்டனைப் படுக்கையில் இருப்பவரின் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை அடுத்த அறையிலோ அடுத்த கட்டடத்திலோ வைத்துக்கொள்ளலாம். நிலையம் நன்று என்று சொல்லிவிட்டால், எழுந்து நடமாட முடியாதவர்கள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் சுகாதார அலுவலகம் இந்த மணியை இலவசமாகக் கொடுக்கும். அந்த வீடுகளில் ஒன்று சின்னவளுடைய வீடு.

அவளுடைய அப்பா பேருந்து நடத்துனராக இருந்தவர். ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டிலோடு சரி. அம்மா நாலு வீடு தள்ளித் தையல் கடை வைத்திருந்தாள். தையல் இயந்திரம் ஓடினால் கூப்பிடுகிற குரல் கேட்காது. தண்ணீர் வேண்டுமென்றால் அப்பா எவர்சில்வர் டம்ளரால் கட்டில் காலைத் தட்டுவார். தட்டித் தட்டி டம்ளர்தான் நசுங்கியது. யாரும் வரவில்லை.

"எப்ப வருது உன் மணி?"

"ரிப்போர்ட் முடிஞ்சா வந்துடும்பா."

"முடிவு எழுதியாச்சுன்னு சொன்னியே."

"முடிவு எழுதியாச்சு. இன்னும் ஆரம்பிக்கல."

அப்பா இதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தார். "எங்க டெப்போவுல கூட இப்படி இல்லடி. வண்டி கெளம்பின பொறகுதான் போய்ச் சேர்ந்துச்சுன்னு எழுதுவோம்."

மணி தன் வீட்டுக்கே வரப்போகிறது என்பதால் சின்னவளுக்கு முன்னுரையோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. அட்டவணை அக்காவிடம் போய் நின்றாள். அட்டவணைகளை நிரப்பும் அந்த அக்கா அளக்காமலே எழுதுவதில் கெட்டிக்காரி. எண்கள் இயற்கையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நடுநடுவே ஒன்றிரண்டைக் கொஞ்சம் கோணலாகப் போடுவாள்.

"அக்கா, அலமாரிச் சாவி வேணும்."

"எதுக்குடி?"

"மணி அடிக்குதான்னு பாக்கணும்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டு, முடிவுரை சாரின் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். "நான் குடுக்கல. சரியா?"

சின்னவள் பட்டனுக்குப் பேட்டரியைப் போட்டு உடனே அழுத்தினாள். மணி கணீரென்று அடித்தது. மறுபடி அழுத்தினாள், நின்றது. நல்ல மணிதான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். திரும்பி வந்து கை துடைத்துக்கொண்டே அழுத்தினாள். மணி கம்மென்று இருந்தது. இன்னொரு தரம் அழுத்தினாள். அடித்தது. முதலில் தன் விரல் மேல்தான் சந்தேகப்பட்டாள். ஈரமோ என்று துடைத்துப் பார்த்தாள். பிறகு பட்டனைச் சந்தேகப்பட்டாள். அளவுமானியின் உறையைக் கிழித்து மாட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, சும்மா இருக்கும் நேரத்தில் பட்டனுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு தூங்கிவிடுகிறது. முதல் முறை அழுத்தினால் கண் விழிக்கிறது. ஆனால் அது கண்ணைக் கசக்கி என்ன ஏது என்று பார்ப்பதற்குள் விரல் எடுபட்டுவிடுகிறது. இரண்டாம் முறை அழுத்தினால்தான் மணி.

படுக்கையில் கிடப்பவர் பெரும்பாலும் சும்மாதான் இருப்பார். ஆபத்து என்றால் ஒரு முறைதான் அழுத்துவார்.

மறுநாள் காலை இயக்குநரின் அறையில் விசாரணை. ஆய்வகத்தில் விளக்கு எரிந்ததாகக் காவலாளி எழுதிக் கொடுத்திருந்தார். இயக்குநர் நடுவில், முடிவுரை சார் பக்கத்தில், கிழிந்த பிளாஸ்டிக் உறை மேஜை மேல் சாட்சியாக.

"நீங்க அந்தப் பட்டனை அமுக்கினது உண்மையா?" என்றார் இயக்குநர்.

"உண்மை சார்."

"எதுக்கு?"

"அடிக்குதான்னு பாக்க."

முடிவுரை சார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். தன் வீட்டுப் பிள்ளை திருடி மாட்டிக்கொண்டதைப் போல இருந்தது அவர் முகம்.

"யார் மேல உங்களுக்குச் சந்தேகம்?"

"மணி மேலதான் சார்."

இயக்குநர் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு எழுத்துத் தமிழுக்கு மாறிவிடும். "இந்த நிலையம் நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தயாரிப்பாளர் நம்மை நம்பிக் கருவியைத் தருகிறார். நாம் அவரை நம்பி அறிக்கையைத் தருகிறோம். மக்கள் அறிக்கையை நம்பி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இப்படி ஒருவரை ஒருவர் நம்பி எவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் ஒருவர் வந்து பட்டனை அமுக்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை என்ன ஆவது? நாளைக்கு இன்னொருவர் வந்து அமுக்குவார். பிறகு எல்லாரும் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அறிக்கையை யார் எழுதுவது?"

"சார், எங்கப்பாவுக்கே இந்த மணிதான் வரப்போகுது."

இயக்குநர் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கொஞ்சம் மனிதராகிவிடுவார். "சரி, சொல்ல வேண்டியதை ஒரு வாக்கியத்துல எழுதிக் குடுங்க. சொற்சீர்க் கமிட்டி பாக்கட்டும்."

சொற்சீர்க் கமிட்டி என்பது அறிக்கையில் யாருடைய மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்ளும் கமிட்டி. சின்னவள் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: 'சற்று நேரம் சும்மா இருந்த பிறகு முதல் முறை அழுத்தினால் மணி அடிப்பதில்லை.'

முதல் கூட்டத்தில், 'அடிப்பதில்லை' என்பது மணியின் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். 'முதல் அழுத்தத்தில் மணி ஒலி எழுப்புவதைத் தவிர்க்கிறது' என்று திருத்தினார்கள். அடுத்த கூட்டத்தில், தவிர்க்கிறது என்றால் ஏதோ வம்பு செய்கிற மாதிரி ஆகிறதே என்று ஒருவர் வருத்தப்பட்டார். 'முதல் அழுத்தத்தை மணி ஆயத்தமாக ஏற்றுக்கொள்கிறது' என்றானது. அதற்கடுத்த கூட்டத்தில், எதற்காக ஆயத்தம் என்று கேள்வி வருமே என்று முடிவுரை சார் எச்சரித்தார். எல்லோரும் யோசித்தார்கள். தேநீர் வந்தது. தேநீர் குடித்து முடித்தபோது வாக்கியம் இப்படி ஆகியிருந்தது: 'பதற்றத்திலும் கைத்தவறாகவும் எழும் தேவையற்ற அழைப்புகளை மணி தானாகவே வடிகட்டும் சிறப்பு வசதி கொண்டது.'

சின்னவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் வேறு யாருடைய பிள்ளையோ வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

"சார், இது பழுது சார். பட்டன் தூங்குது."

"தூங்கலம்மா, வடிகட்டுது," என்றார் முடிவுரை சார் பொறுமையாக. "உன் வாக்கியத்தை நாங்க நீக்கலையே. வளர்த்துதானே விட்டிருக்கோம்?"

அட்டவணை அக்கா வெளியே வந்து அவள் தோளைத் தட்டினாள். "நீ முன்னுரையிலயே நிக்கற. உன் வாக்கியத்துக்கு ப்ரமோஷன் வந்துடுச்சு பாரு."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அறிக்கையை மேலிடத்தில் யாரோ முதல் முறையாகப் படித்துவிட்டார்கள். வடிகட்டும் வசதி அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இனி அழைப்பு மணிகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம், முதல் அழுத்தத்திலேயே ஒலிக்கும் மணிகளைத் தேர்ச்சி பெற்றதாகக் கருதலாகாது என்று ஆணை வந்தது.

நிலையத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஒலிபெருக்கி முதல் முறை போட்டபோது வேலை செய்யவில்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டாம் முறை போட்டதும் இயக்குநர் பேசினார்.

"ஒரு குறையைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்டனை அமுக்கத் தெரிந்த எவரும் கண்டுபிடித்துவிடலாம். அதை நிறையாக வளர்த்தெடுக்க ஒரு நிலையம் வேண்டும், பல கூட்டங்கள் வேண்டும், மொழியறிவு வேண்டும். இந்த வசதியைத் தயாரித்தவருக்கே இது வசதி என்று தெரிந்திருக்கவில்லை. நாம்தான் எடுத்துச் சொன்னோம்."

கைதட்டல் எழுந்தது. சின்னவளின் வேலை உறுதியானது. செய்முறைப் பொறியாளர் என்று மேஜையில் பலகை வைத்தார்கள். நன்றியுரையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "அது பழுது சார்" என்று சொல்லவும் செய்தாள். இவ்வளவு அடக்கமான பெண்ணைப் பார்த்ததில்லை என்று இன்னொரு முறை கைதட்டினார்கள்.

மணி வீட்டுக்கு வந்தது. பட்டனை அப்பாவின் வலது கையில் கட்டிவிட்டு, பெட்டியை அம்மாவின் கடையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு தடவை அமுக்கணும்பா. ஒரு தடவை அமுக்கினா வராது."

"ரெண்டு தடவையா?" அப்பா பட்டனைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தார். "நான் காலம் பூரா விசில் ஊதினவன். ஒரு விசில்னா நில்லு. ரெண்டு விசில்னா போலாம். ரெண்டு தடவை அமுக்கச் சொல்றியே, என்னை எங்க அனுப்பப் பாக்கற? நான் எறங்கற எடம் இன்னும் வரலடி."

"அப்பா, வெளையாடாதீங்க. ரெண்டு தடவை."

"உங்க ஆபீஸ்ல யாரும் பஸ்ல போனதே இல்லையா?"

சின்னவள் அவர் கட்டைவிரலைப் பிடித்து, சிறு பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவது போல, இரண்டு இரண்டாக அழுத்திப் பழக்கினாள். பட்டனைத் திறந்து சரிசெய்யவும் பார்த்தாள். உள்ளே கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். கடைகளில் வேறு மணி தேடினாள். எல்லாக் கடையிலும் இப்போது வடிகட்டும் மணிதான். "கவர்மென்ட் சர்டிபிகேட் இருக்கு மேடம்," என்று கடைக்காரர்கள் அவளிடமே அட்டையைக் காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் நிலையத்துக்கு இன்னொரு மணி வந்தது. சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறவர் தானே ஒரு பெட்டி நிறைய மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னவள் அழுத்தினாள். அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து அழுத்தினாள். அடித்தது. சனி ஞாயிறு முழுக்கச் சும்மா போட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அழுத்தினாள். முதல் அழுத்தத்திலேயே கணீரென்று அடித்தது. நிறுத்துவதற்குத்தான் இரண்டாவது அழுத்து.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் முடிவுரை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது: 'தேறவில்லை.'

பட்டறைக்காரர் அவள் மேஜைக்கு வந்தார். "மேடம், அமுக்கினா அடிக்குது. இதுக்கு மேல ஒரு மணி என்னதான் செய்யணும்?"

"அமுக்கினா அடிக்கக் கூடாதுங்க," என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவளுக்கு உறைத்தது. பட்டறைக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். மாதிரிகளை எடுத்துப் போக வேண்டாமா என்று கேட்டதற்கு, "வேணாங்க, அடிக்கற மணிய வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி கழிவறைக்குப் போயிற்று. கழிவறை என்றால் நிலையத்தில் தேறாத பொருள்களைப் போட்டு வைக்கும் அறை. அந்தப் பெயரை மாற்றுவதற்கும் ஒரு கமிட்டி உட்கார்ந்திருந்தது.

அந்த வாரமே அப்பா விழுந்தார். கட்டிலின் ஓரத்திலிருந்து தண்ணீரை எட்டி எடுக்கப் போய்ச் சரிந்துவிட்டார். சரியும்போது பட்டனை ஒரு முறை அழுத்தினார். இரண்டாம் முறை அழுத்துவதற்குள் கயிறு அவிழ்ந்து பட்டன் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு அம்மா வரும்வரை தரையிலேயே கிடந்தார். கன்னத்தில் தரையின் கோடுகள் பதிந்திருந்தன. எலும்பு தப்பியது.

சின்னவள் ஓடி வந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் அம்மாவின் வாய் திறந்துகொண்டது.

"ஊருக்கெல்லாம் மணி குடுக்கறா. பெத்தவன் கூப்பிட்டா கேக்கல."

"அவள ஏன் திட்டற?" என்றார் அப்பா. பிறகு மகளிடம், ஏதோ தன் தவறு போல, மெதுவாகச் சொன்னார். "ஒரு விசில்தாம்மா குடுக்க முடிஞ்சுது. வண்டி நிக்கல."

மறுநாள் அலுவலகம் முடிகிற நேரத்தில் சின்னவள் கழிவறைக்குப் போனாள். அவள் வாழ்க்கையில் திருடப் போவது இதுதான் முதல் தடவை. யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் பட்டறைக்காரரின் பெட்டியைத் திறந்தாள். பெட்டி நிறைய இருந்த மணிகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் கிடந்தது.

"அது உனக்குன்னு விட்டு வெச்சது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அட்டவணை அக்கா கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "சீக்கிரம் எடு. இவ்வளவு நாள் ஏன் வரலைன்னு பாத்துட்டிருந்தேன்."

"மத்ததெல்லாம் எங்கக்கா?"

"எங்க மாமியாருக்கு ஒண்ணு. எங்க சித்தப்பாவுக்கு ஒண்ணு. கமிட்டில இருக்கறவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்தாங்க. மொதல்ல வந்தது முடிவுரை சாருதான். அவங்கம்மா படுத்த படுக்கை. எல்லாரும் இன்னைக்குத்தான் பையில எடுத்துப் போறோம். வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் அவ்வளவா தட்ட மாட்டாரு."

"அப்ப அவருக்குத் தெரியுமா? எது நல்ல மணின்னு?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "தெரியாம எப்படிடி முடிவு எழுதுவாரு?"

இத்தனை நாளும் சின்னவள், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, யாரும் எதையும் படிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். நிலையத்தில் அவள் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

வாசலில் வரிசை நின்றது. முன்னால் முடிவுரை சார், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் கமிட்டிக்காரர்கள். பிறகு அக்கா, பிறகு சின்னவள். பக்கத்தில் இயக்குநரின் கார், வாசல் கதவு திறப்பதற்காகக் காத்திருந்தது. காவலாளிக்கு அன்று என்ன தோன்றியதோ, வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கினார். சின்னவளின் பையை ஒரு தட்டுத் தட்டினார்.

மணி அடித்தது.

அவள் பையில் மட்டும் இல்லை. அக்காவின் பையில் அடித்தது. கமிட்டிக்காரர்களின் பைகளில் ஒவ்வொன்றாக அடித்தது. முடிவுரை சாரின் நெஞ்சில் அடித்தது. காருக்குள்ளே அடித்தது. சின்னவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தேர்வுக்கு வந்த மாதிரிகள். எந்தப் பட்டனுக்கு எந்தப் பெட்டி என்று இன்னும் பிரிக்கவில்லை. எல்லாம் ஒரே அலைவரிசை. ஒரு பட்டனை அழுத்தினால் அத்தனையும் பேசும்.

"என்ன சார் சத்தம்?" என்றார் காவலாளி.

"எங்க?" என்றார் முடிவுரை சார். சொல்லும்போது அவருடைய சட்டைப் பொத்தான்கள் அதிர்ந்துகொண்டிருந்தன.

"உங்க பையில சார்."

"எனக்கு எதுவும் கேக்கலையே. உங்களுக்குக் கேக்குதா?" என்று அவர் கமிட்டிக்காரரைப் பார்த்தார். கமிட்டிக்காரர் மணி அடிக்கிற பையோடு நின்று, ஆழ்ந்து யோசித்து, "ஒலி என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது," என்றார்.

காரின் கண்ணாடி இறங்கியது. கண்ணாடி இறங்கியதும் இயக்குநரின் மணி இன்னும் நன்றாகக் கேட்டது. "என்ன தாமதம்?"

"சார், எல்லாருடைய பையும் அடிக்குது," என்றார் காவலாளி. காரைக் காட்டலாமா என்று அவர் விரல் தயங்கியது.

"இந்த நிலையத்தில் முதல் அழுத்தத்தில் ஒலிக்கும் மணி எதுவும் கிடையாது," என்றார் இயக்குநர், உட்கார்ந்தபடியே எழுத்துத் தமிழில். "அவற்றை நாம் தேற விடுவதில்லை. இது உங்களுக்குத் தெரியும். கதவைத் திறங்கள்."

காவலாளி கதவைத் திறந்தார். ஒவ்வொருவராக மணி அடித்துக்கொண்டே வெளியே போனார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று வழி விட்டார்கள். முடிவுரை சார் யாரையும் பார்க்காமல், தனக்கு முன்னால் எழுதி வைத்த பக்கம் ஒன்று இருப்பதைப் போல நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நிறுத்துவதற்கு இன்னொரு அழுத்துப் போதும். பட்டன் சின்னவளின் பையில்தான் இருந்தது. அவள் பைக்குள் கையை விட்டு, பட்டன் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை அழுத்தாமல் எடுத்துவிட்டாள்.

காவலாளி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அது யாருக்கும்மா?"

"எங்கப்பாவுக்கு."

அவர் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய பழைய டெஸ்டரை எடுத்து நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் மணியை நிறுத்தி, பெட்டியை அம்மாவின் கடையில் வைத்துவிட்டு, பட்டனை அப்பாவின் கையில் கட்டினாள். அப்பா பழக்கத்தில் டக்டக்கென்று இரண்டு தரம் அழுத்தினார். நாலு வீடு தள்ளி மணி ஒரு முறை விக்கி, நின்றது.

"பாத்தியா, இதுவும் உங்க ஆபீஸ் மணிதான்," என்றார்.

"ரெண்டாவது அமுக்கினா நின்னுடும்பா. இது ஒரு விசில் மணி."

"இது பாஸாச்சா?"

"ஃபெயிலு."

அப்பா முதல் முறையாகப் பட்டனை மரியாதையோடு பார்த்தார். "மத்த வீட்டுக்கெல்லாம்?"

"திங்கக்கெழமை போய் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி எழுதச் சொல்லப் போறேன்."

"விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. வேலை போனாலும் போகும். ஆனா இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்தாங்க. இனிமே அப்படி இருக்க முடியாது. தெருவே கேட்டுச்சு."

அப்பா கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தார். "ஒரே தடவைன்னா பயமா இருக்குடி. வரலைன்னா?"

"அமுக்குங்க."

ஒரு முறை அழுத்தினார். அழுத்திவிட்டு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், மறுபடி அதுவாகப் போய் அழுத்திவிடுமோ என்று. நாலு வீடு தள்ளி மணி அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது. தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. "வண்டி நிக்குதான்னு பாத்தேன்."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இப்ப எழுதிக்கோ உன் முடிவை."